பீரோவில் உறங்கிய டிஸ்க்

ராயக்கோட்டை ரோட்டை ஒட்டி வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருந்த லைன் வீடுகளில் கடைசி வீடு மாடசாமியுடையது. அந்த வீட்டு பீரோவின் நடுத்தட்டில் பொற்கொடியின் கல்யாணப் புடவை இருந்தது. ஒவ்வொரு ராத்திரியும் அந்தப் புடவையின் மடிப்புக்குள் கம்பெனியின் ஹார்டு டிஸ்க் ஒன்று படுத்திருக்கும்.

சாயங்காலம் மாடசாமி வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சாப்பாட்டுப் பையை நீட்டுவார். பொற்கொடி ஈரக்கையை முந்தானையில் துடைத்துவிட்டு, தூக்குவாளிக்குப் பக்கத்தில் துண்டு சுற்றி இருக்கும் டிஸ்க்கை எடுப்பாள். பீரோவைத் திறந்து வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகுவாள். அதற்குப் பிறகுதான் காபி.

"புருசன் வந்தாரான்னு பாக்கறதுக்கு முன்னாடி பொட்டி வந்துச்சான்னு பாக்க வேண்டியதா இருக்குது எம் பொழப்பு" என்பாள். குறையாகச் சொல்வதுபோல இருக்கும். ஆனால் பக்கத்து வீட்டுக்காரி பீரோ பக்கம் போனால் அவளுக்குப் பொறுக்காது. கம்பெனியின் மொத்தக் கணக்கும் தன் புடவைக்குள் இருக்கிறது என்பதில் அவளுக்கு ஒரு நிமிர்வு இருந்தது.

மாடசாமி சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். இருபது வயதில் ஓசூருக்கு வந்து, சிப்காட்டில் லாரிகளுக்குப் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் பிரஸ் மிஷினில் சேர்ந்தார். பொற்கொடி மத்தூர்ப் பக்கம். அவளுடைய சித்தப்பாவின் வீட்டு மாடியறையில் மாடசாமி வாடகைக்கு இருந்தபோது பேச்சு வந்து கல்யாணமானது. மகள் தர்ஷினி பிறந்த மறு வருடம் பிரஸ் மிஷின் மாடசாமியின் வலது கையில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் எடுத்துக்கொண்டது.

அப்போது இருந்த பழைய மேனேஜர் ஆஸ்பத்திரிக்கு வந்து, "கம்பெனி இருக்கிற வரைக்கும் உனக்கு ஒரு இடம் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடி கொடுக்கவும் செய்தார். ஆபீஸ் கட்டடத்தின் மூலையில் இருந்த சர்வர் அறைதான் அந்த இடம். அறையைப் பெருக்க வேண்டும், ஏ.சி. ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். பிற்பாடு தினமும் ஒரு டிஸ்க்கைக் கழற்றி இன்னொன்றை மாட்டும் வேலையும் சேர்ந்தது. அந்தப் பழைய மேனேஜர் இரண்டே வருடத்தில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அவர் சொன்ன சொல் எந்தக் காகிதத்திலும் இல்லை. வலது கையில் மூன்றே விரல் உள்ள ஆளை எந்த மிஷினிலும் நிறுத்த மாட்டார்கள். அந்த அறை போனால் அந்தக் கம்பெனியில் தனக்கு வேறு இடமில்லை என்பது மாடசாமிக்குத் தெரியும். பொற்கொடிக்கும் தெரியும்.

டிஸ்க்கை வீட்டுக்குக் கொண்டுபோகும் வழக்கம் வந்ததற்குக் காரணம், பக்கத்துக் கம்பெனி ஒன்றில் பிடித்த தீ. அங்கே கம்ப்யூட்டர் எல்லாம் வெந்துபோய், யாருக்கு என்ன அனுப்பினோம் என்றுகூடத் தெரியாமல் உட்கார்ந்துவிட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு முதலாளி ஒரே வார்த்தை சொன்னார். தினமும் ராத்திரி ஒரு நகல் கம்பெனிக்கு வெளியே தூங்க வேண்டும். அதற்கு ஏற்பாடு செய்ய பெங்களூரிலிருந்து பிரதாப் என்ற இன்ஜினியர் வந்தான். சர்வருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இரும்புப் பெட்டியை வைத்தான். அதில் மேலே ஒரு டிஸ்க், கீழே ஒரு டிஸ்க். இரண்டிலும் ஒரே விஷயம்தான் எழுதப்படும். மேல் டிஸ்க்கைத் தொடக்கூடாது. கீழ் டிஸ்க்கை மட்டும் சாயங்காலம் உருவி எடுத்துவிட்டு, முந்தின நாள் வீட்டுக்குப் போய்வந்த டிஸ்க்கை அந்த இடத்தில் செருக வேண்டும். பெட்டி தானாகவே மேலிருந்து கீழே நகல் எடுத்துக்கொள்ளும்.

"சர்வரை நிறுத்தாமலா?" என்று மாடசாமி கேட்டார்.

"நிறுத்தவே வேணாம். ஓடற லாரிக்கு டயர் மாத்தற மாதிரின்னு வெச்சுக்கோங்களேன்" என்று பிரதாப் சிரித்தான். "லைட்டை மட்டும் பாருங்க. ரெண்டும் பச்சைன்னா கழட்டலாம். மஞ்சள் சிமிட்டினா காப்பி ஓடுது, தொடாதீங்க. சிவப்பு வந்தா எதையும் தொடாம எனக்குப் போன் பண்ணுங்க."

ஒவ்வொரு டிஸ்க்கின் முகத்திலும் மிளகு அளவுக்கு ஒரு விளக்கு இருந்தது. கீழ் டிஸ்க்கை உருவும்போதெல்லாம் பெட்டி கீச்சென்று அலறியது. பக்கத்து அறையில் இருந்த அக்கவுண்ட்ஸ் பெண்கள் முகம் சுளித்தார்கள். அதனால் அடுத்த முறை வந்தபோது பிரதாப்பே அந்தச் சத்தத்தை நிறுத்திவிட்டான்.

மாடசாமி இடது கையால் உருவக் கற்றுக்கொண்டார். கைப்பிடியை விடுவித்து, கொஞ்சம் இழுத்து, உள்ளே சுழல்வது அடங்கும்வரை உள்ளங்கையை அதன்மேல் வைத்துக் காத்திருப்பார். அடங்கியதும் முழுவதும் எடுப்பார். டிஸ்க் இளஞ்சூடாக இருக்கும். அப்படியே துண்டில் சுற்றிப் பைக்குள் வைப்பார். கேட்டில் எல்லாருடைய பையையும் திறந்து பார்க்கும் செக்யூரிட்டி, மாடசாமியின் பையை மட்டும் திறக்க மாட்டான். அவர் பெயருக்கு மட்டும் பாஸ் இருந்தது.

பிரஸ் ஷாப்பில் அவருடன் வேலை பார்த்த ஆஞ்சப்பன் அந்த நேரத்துக்குக் கேட்டருகே நிற்பான். தெலுங்கு பேசும் வீட்டுக்காரன், பாகலூர்ப் பக்கம்.

"ஏம்ணா, பிட்ட நித்ரபோயிந்தா?" என்று பையைத் தட்டிக் கேட்பான். பிள்ளை தூங்கிவிட்டதா என்று அர்த்தம்.

"தட்டாதல, முழிச்சிரும்" என்பார் மாடசாமி.

இந்தக் கேலியை வருடக்கணக்காக இருவரும் மாற்றவே இல்லை.

பிள்ளை என்று சொன்னது பொருத்தம்தான். டிஸ்க் காலையில் கம்பெனிக்குத் திரும்பியாக வேண்டும் என்பதால் மாடசாமி வெளியூரில் ராத்தங்குவதை விட்டுவிட்டார். காவேரிப்பட்டினத்தில் கொழுந்தியாள் வீட்டுக் கல்யாணத்துக்கு முகூர்த்தத்துக்கு மட்டும் போய்விட்டுப் பந்தியில் உட்காராமல் திரும்பினார். அவருடைய அப்பா இறந்த செய்தி விடியற்காலையில் வந்தது. குடும்பத்தோடு கிளம்ப வேண்டும், வீடு பூட்டிக் கிடக்கும், கம்பெனிக்குப் போய்க் கொடுத்துவிட்டுப் போனால் பஸ் போய்விடும். டிஸ்க்கும் சங்கரன்கோவிலுக்குப் போனது. அவர் கொள்ளிச்சட்டி தூக்கியபோது, பந்தலுக்கு வெளியே தர்ஷினி அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கீழே வைக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். என்ன பாப்பா மடியில் என்று கேட்ட சொந்தக்காரர்களிடம் அவள், "கம்பெனி" என்று பதில் சொன்னாள்.

2006-இல் ஆயுத பூஜைக்கு வழக்கம்போல எல்லாருடைய குடும்பத்தையும் கம்பெனிக்கு அழைத்திருந்தார்கள். வருடத்தில் அந்த ஒரு நாள்தான் பெண்டு பிள்ளைகள் உள்ளே வந்து பார்க்கலாம். கேட்டில் வாழைமரம் கட்டி, மிஷின்களுக்கெல்லாம் மாவிலையும் சாமந்தியும் தொங்கவிட்டு, பூசணிக்காய் உடைத்திருந்தார்கள். பொரியும் கடலையும் ஸ்வீட்டும் பொட்டலமாகக் கொடுத்தார்கள். பொற்கொடி வெங்காயக் கலர் பட்டு கட்டியிருந்தாள். தர்ஷினிக்கு அப்போது பத்து வயது.

ஆஞ்சப்பன் கையில் சந்தனக் கிண்ணத்தோடு பிரஸ் ஷாப்பைச் சுற்றிக்காட்டினான். ஒரு மிஷினுக்கு முன்னால் நின்று, "இதுதான்க்கா, அண்ணன் வேலை பாத்தது. நீங்களே ஒரு பொட்டு வைங்க" என்றான்.

பொற்கொடி அதை மேலும் கீழும் பார்த்தாள். "அதுக்கு என்னாத்துக்கு? அது தின்னது போதும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள். ஆஞ்சப்பன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

சர்வர் அறைக்கு அவர்களை மேனேஜர் சிவராஜே கூட்டிப்போனார். கிருஷ்ணகிரிக்காரர், நல்ல மாதிரி, யாரையும் ஒருமையில் பேச மாட்டார். குளிர்ந்த அறைக்குள் நுழைந்ததும் தர்ஷினி கையைக் கட்டிக்கொண்டாள்.

"இதுல எதுங்க நம்ம வூட்டுக்கு வர்றது?" என்று பொற்கொடி கணவரிடம் கேட்டாள்.

மாடசாமி கீழ் டிஸ்க்கைக் காட்டினார். "மேல இருக்குதே, அது?" என்றாள்.

"அது இங்கயே இருக்கும். அதப் பாத்துத்தான் மத்ததெல்லாம் எழுதிக்கிடும்."

"அப்ப அதுதான் பெரியவன்" என்றாள்.

சிவராஜ் சிரித்தார். "உங்க வீட்டுல வளர்ற புள்ளைங்களாச்சே. நீங்களே பொட்டு வைங்கம்மா."

பொற்கொடி கிண்ணத்தை வாங்கி மோதிர விரலால் சந்தனத்தைத் தொட்டாள். குனிந்து மேல் டிஸ்க்கைப் பார்த்தாள். கறுத்த முகத்தில் அந்தப் பச்சை விளக்கு ஒன்றுதான் கண்ணுக்குப் பட்டது. நெற்றியில் வைப்பதுபோல அதன்மேல் சந்தனத்தைத் தடவி, அதன்மேல் குங்குமம் வைத்தாள். கீழ் டிஸ்க்குக்கு வைப்பதற்குள், "அதக் கழட்டி மாட்டணும், அதுக்கு வேண்டாம்" என்று மாடசாமி தடுத்தார். பெரியவனுக்கு வைத்தால் போதும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

பூஜைப் பொட்டை யாரும் துடைப்பதில்லை. கம்பெனியில் கரண்ட் பெட்டி முதல் ஆபீஸ் ஜெராக்ஸ் மிஷின் வரைக்கும் எல்லாவற்றிலும் அது காய்ந்து, வெடித்து, தானாக உதிரும்வரை இருக்கும். அடுத்த பூஜை வரும்போது போன பூஜையின் கறை சிலவற்றில் தெரியும். பொட்டு காய்ந்தால் விளக்கு மறையும் என்று மாடசாமிக்குத் தோன்றாமலில்லை. தோன்றியது. துடைக்கக் கையைக்கூடக் கொண்டுபோனார். ஆனால் பூஜை முடிந்த மறுநாளே சாமி பொட்டைச் சுரண்டுவதற்கு மனம் வரவில்லை. இத்தனை வருடத்தில் மேல் விளக்கு பச்சையைத் தவிர வேறெதையும் காட்டியதுமில்லை.

அந்த வாரமே அவருக்குக் காய்ச்சல் வந்தது. அந்த வருடம் வீட்டுக்கு ஒருவர் சிக்குன்குனியாவில் படுத்திருந்தார்கள். மூட்டெல்லாம் பிடித்துக்கொண்டு பாய்க்கும் கக்கூஸுக்கும் சுவரைப் பிடித்து நடந்தார். டிஸ்க் பீரோவிலேயே கிடந்தது. அதை நினைத்துத்தான் அதிகம் புலம்பினார்.

"ஆஞ்சப்பன்கிட்ட குடுத்து அனுப்பட்டுங்களா?" என்றாள் பொற்கொடி.

"அவன் பேருக்குப் பாஸ் கிடையாதுட்டி. கேட்டுல புடிச்சு வச்சிருவாங்க."

சிவராஜுக்குப் போன் செய்தார். "சர்வர் பாட்டுக்கு ஓடிட்டுதாங்க இருக்கு. நீங்க உடம்பைப் பாருங்க மாடசாமி, வந்து மாத்திக்கலாம்" என்றார் அவர்.

அந்த நாட்களில் ஏதோ ஒரு நாள் மேல் டிஸ்க் நின்றுபோனது. அலற வேண்டிய பெட்டி ஊமையாக இருந்தது. விளக்கு சிவப்பானது. சிவப்பு, குங்குமத்துக்கும் சந்தனத்துக்கும் பின்னால் எரிந்தது. கீழ் டிஸ்க் மட்டும் தனியாக எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே போனது. ஒவ்வொரு பாகத்தையும் அளந்து அந்த அளவை ஏற்றினால்தான் சரக்கு வெளியே போகும். அப்படி ஏற்றிய அத்தனை அளவும் அந்த ஒரு டிஸ்க்கில் மட்டும் இருந்தது.

மாடசாமி வேலைக்குத் திரும்பிய நாளில் கை இன்னும் முழுதாக மடங்கவில்லை. பீரோவிலிருந்த டிஸ்க்கைப் பொற்கொடி பையில் வைத்துக்கொடுத்தாள். சாயங்காலம் ஷிப்ட் மாறும் நேரத்தில் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். கீழே பச்சை. மேலே பொட்டு. வழக்கம்போல இடது கையால் கைப்பிடியை விடுவித்து இழுத்து, அது அடங்கும்வரை காத்திருந்து, உருவினார்.

ஆபீஸில் ஒரு பெண் "ஐயோ, நின்னுடுச்சே" என்றாள். இன்னொரு குரல் "எனக்கும்" என்றது. டிஸ்பாட்ச்சிலிருந்து ஒருவன் ஓடிவந்தான்.

உருவிய டிஸ்க் மாடசாமியின் மடியில் இளஞ்சூட்டோடு இருந்தது. அதைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்து வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அது அப்போது யாருக்கும் தெரியாது. அவர் பிரதாப்புக்குப் போன் செய்தார்.

"இப்ப என்ன பண்ணீங்க?" என்றான் பிரதாப். பின்னால் பெங்களூர்ப் போக்குவரத்துச் சத்தம் கேட்டது.

"ஒண்ணும் பண்ணல சார். கீழ உள்ளத உருவுனேன். தினம் உருவுத மாதிரிதான். சர்வர் நின்னுட்டு."

"மேல லைட் எரியுதா?"

மாடசாமி குனிந்து பார்த்தார். பொட்டின் ஓரத்தில் ஏதோ ஒரு வெளிச்சம் கசிந்தது. "எரியுது சார்."

"அப்ப ஒண்ணும் ஆகல, பயப்படாதீங்க. ஆஃப் பண்ணுங்க. எடுத்ததையே திருப்பி மாட்டுங்க. ஆன் பண்ணுங்க."

அப்படியே செய்தார். பெட்டி உறுமி எழுந்தது. நின்றுபோயிருந்த மேல் டிஸ்க், அணைத்து எழுப்பியதும் விழித்துக்கொண்டது. அது நின்றுபோன நாளோடு அதன் ஞாபகம் முடிந்திருந்தது. கீழே ஒரு டிஸ்க் புதிதாகச் செருகப்பட்டிருப்பதைப் பெட்டி பார்த்தது. தினமும் செய்வதையே செய்தது. மேலிருந்து கீழே நகல் எடுக்கத் தொடங்கியது.

கீழ் விளக்கு மஞ்சளாகச் சிமிட்டியது. அந்தச் சிமிட்டலைப் பார்த்ததும்தான் மாடசாமிக்கு மூச்சு வந்தது. மஞ்சள் என்றால் வேலை நடக்கிறது. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். காய்ச்சலில் கிடந்த நாட்களில் நூறு பேர் அளந்து அளந்து ஏற்றியதெல்லாம் அவர் கண்முன்னால் அழிந்துகொண்டிருந்தது. அது அழிந்து முடியும்வரை பக்கத்திலேயே நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். பிறகு வீட்டிலிருந்து கொண்டுவந்த டிஸ்க்கையே திருப்பி எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் காலையில், பாகங்களை அளக்கும் இன்ஸ்பெக்ஷன் ஆட்கள், "எங்க சார் எங்க என்ட்ரி எல்லாம்?" என்று கேட்டு வந்து நின்றார்கள்.

பிரதாப் மத்தியானத்துக்குள் பைக்கிலேயே வந்து சேர்ந்தான். பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டான். சிவராஜ் பின்னால் நின்றார். மாடசாமி கதவோரம். பிரதாப் பேனா மூடியால் பொட்டைச் சுரண்டினான். சந்தனம் பொடியாக அவன் பேண்ட் மீது உதிர்ந்தது. உள்ளே சிவப்பு எரிந்தது. மறுபடியும் நின்றுபோயிருந்தது.

"யாரு சார் இது மேல பொட்டு வெச்சது?" என்றான். கோபமாகக்கூட இல்லை. ஆச்சரியமாகக் கேட்டான்.

சிவராஜ் ஏ.சி.யைப் பார்த்தார். அவர் ஏதாவது சொல்வார் என்று மாடசாமி கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

"நாந்தான் சார்" என்றார் மாடசாமி.

சிவராஜ் திரும்பி அவரைப் பார்த்தார். பிறகு மணியைப் பார்த்துக்கொண்டார்.

"போன்ல கேட்டேனே, லைட் எரியுதான்னு. எரியுதுன்னீங்க."

"எரிஞ்சுது சார்."

"என்ன கலர்னு பாக்கலையா?"

எடுத்ததையே மாட்டச் சொன்னது நீங்கள்தானே என்று ஆஞ்சப்பனாக இருந்தால் கேட்டிருப்பான். சத்தத்தை நிறுத்தியது யார் என்றும் கேட்டிருப்பான். பேச்சு வளர்ந்தால் பொட்டுக்குத்தான் திரும்ப வரும், பொட்டு வைத்த கை யாருடையது என்பதில்தான் போய் நிற்கும் என்று மாடசாமிக்குத் தோன்றியது. உதிர்ந்த சந்தனத்தைப் பெருக்கத் துடைப்பத்தை எடுத்தார்.

அளவுப் பதிவு இல்லாத சரக்கை, அதை வாங்கிய லாரிக் கம்பெனி திருப்பி அனுப்பியது. வந்ததையெல்லாம் மறுபடி அளப்பதற்கு ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஆட்கள் வந்தார்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போக இருந்தவர்களின் லீவு ரத்தானது. கேண்டீனில் மாடசாமி உட்கார்ந்த மேசையில் இடம் இருந்தும் சிலர் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். "சாமியாரு பொட்டு வெச்சாரு, நமக்கு நாமம் போட்டாரு" என்று ஒருவன் சொன்னது அவர் காதில் விழும்படிதான் சொல்லப்பட்டது. ஆஞ்சப்பன் அவனோடு சண்டைக்குப் போனான். ஆனால் கேட்டில் பையைத் தட்டிப் பிள்ளை தூங்கியதா என்று கேட்பதை அவனும் நிறுத்திவிட்டான்.

மாதக் கடைசியில் சிவராஜ் அவரை உட்காரவைத்துப் பேசினார்.

"ஹெட் ஆபீஸ்ல பெயர் கேட்டாங்க மாடசாமி. நான் எவ்வளவோ சொன்னேன். இனிமே பெங்களூர் ஆளுங்களே பாத்துக்குவாங்களாம். உங்களை அப்படியே விட்டுட முடியுமா? செக்யூரிட்டி கான்ட்ராக்டர்கிட்ட பேசியிருக்கேன். கேட்டுல ஒரு இடம் இருக்கு. நாளைக்கே சேந்துக்கலாம்."

"கம்பெனி ஆளாவா சார்?"

"கான்ட்ராக்டர் ஆளா."

மாடசாமி தலையாட்டினார். நீட்டிய காகிதத்தில் மூன்று விரலால் பேனாவைப் பிடித்துக் கையெழுத்துப் போட்டார். எழுந்தபோது சிவராஜும் எழுந்தார். "வீட்டுல அம்மா நல்லா இருக்காங்களா?" என்று கேட்டார். "இருக்கா சார்" என்றார் மாடசாமி.

வீட்டில் அவர் சொன்னது இவ்வளவுதான். மேல் டிஸ்க் கெட்டுப்போயிருந்ததும், தான் லைட்டைப் பார்க்காமல் கீழ் டிஸ்க்கைக் கழற்றிவிட்டதும்.

பொற்கொடி முதலில் அழுதாள். பிறகு ஏசினாள். அந்த ஏச்சு ஒரு வருடம் ஓடியது. கேட்டில் பகல் முழுக்க நின்று கால் வீங்கி வந்தால், எண்ணெயைச் சுடவைத்துத் தேய்த்துக்கொண்டே ஏசுவாள். "வெரலு போனப்பகூட நான் ஒண்ணும் சொல்லல. அது மிஷின் பண்ணது. இது? கண்ணு ரெண்டும் நல்லாத்தான இருக்குது? தம்மாத்தூண்டு லைட்டு, அதப் பாக்கறதுக்கு என்னா வந்துச்சு உங்களுக்கு?"

"பாக்காம விட்டுட்டேன்" என்பார்.

தர்ஷினி அரிசியில் கல் பார்க்காமல் விட்டால், "அப்பன மாதிரியே" என்பாள். பால் பொங்கி வழிந்தால், "லைட்டப் பாக்காத வூடு இது" என்பாள். பீரோவின் நடுத்தட்டில் கல்யாணப் புடவையைப் பழைய மடிப்பை மாற்றி மடித்து வைத்துவிட்டாள். சாவி இடுப்பிலிருந்து ஆணிக்குப் போனது.

கேட்டில் மாடசாமி காக்கிச் சட்டையில் மற்றவர்களின் பையைத் திறந்து பார்த்தார். தூக்குவாளி, துண்டு, சில சமயம் யாரோ திருடிய ஒரு பித்தளைத் துண்டு. சர்வர் அறைக்கு வந்த பையன் பையே கொண்டுவருவதில்லை. இப்போதெல்லாம் நகல் கம்பி வழியாகவே பெங்களூருக்குப் போய்விடுகிறதாம்.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. கம்பெனி குடும்பங்களை அழைத்திருந்தது. கான்ட்ராக்டர் ஆட்களின் குடும்பத்துக்கு அழைப்பில்லை. அன்றைக்கும் மாடசாமிக்குக் கேட்டில் டூட்டி. வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்லி உள்ளே அனுப்ப வேண்டும்.

"எங்களக் கூப்புடலீங்களா?" என்று பொற்கொடி கேட்டாள்.

"இல்ல."

"போவுது. நம்ம வூட்டுல இருக்கறதுக்குப் பண்ணிக்கலாம்."

காலையிலேயே குளித்துச் சந்தனம் குழைத்தாள். பீரோவுக்கு வைத்தாள். தையல் மிஷினுக்கு, மிக்ஸிக்கு, அரிவாள்மனைக்கு, தர்ஷினியின் ஜியாமெட்ரி பாக்ஸுக்கு. எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தாள். அந்த வருடம் பழைய டி.வி.எஸ். 50 ஒன்று வாங்கியிருந்தார்கள். மாடசாமி அதைத் துடைத்து நிறுத்தியிருந்தார். தர்ஷினி ஹேண்டில்பாரில் சாமந்திச் சரத்தைச் சுற்றினாள். பொற்கொடி மோதிர விரலில் சந்தனத்தை எடுத்து, வண்டிக்கு முன்னால் குனிந்து, வட்டமாக இருந்த ஹெட்லைட்டின் நடுவே கொண்டுபோனாள்.

"லைட்டு மேல வேண்டாம்ட்டி" என்றார் மாடசாமி. "மறைச்சிரும்."

"என்னாத்துக்கு? எல்லாரும் லைட்டு மேலதான வெக்கறாங்க. போன வருசம் நான் உங்க கம்பெனில வெச்சனே, அதுகூட லைட்டு மே…"

விரல் அப்படியே நின்றது.

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் குனிந்து சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை நகர்த்திக்கொண்டிருந்தார். ஏற்கனவே சரியாக இருந்த பழத்தை இன்னும் நகர்த்தினார்.

"ஏங்க" என்றாள்.

"நேரமாச்சு. கேட்டுல ஆள் இல்ல."

"அம்மா, காயுது பாரு" என்றாள் தர்ஷினி. பொற்கொடியின் விரல் நுனியில் சந்தனம் வெளுத்து இறுகியிருந்தது. அவள் அதைக் கிண்ணத்திலேயே வழித்துவிட்டு, புதிதாகத் தொட்டு, மட்கார்டின் மேல் ஒரு பொட்டு வைத்தாள். குங்குமம் வைக்கும்போது பாதி கீழே கொட்டியது.

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்றாள், மகளுக்குக் கேட்காத குரலில்.

மாடசாமி காக்கிச் சட்டையின் மேல் பட்டனைப் போட்டார். மூன்று விரலுக்கு அது எப்போதும் நேரம் பிடிக்கிற வேலை. அவள் அவருக்குப் போட்டுவிடுவது வழக்கம். இன்று அவள் கையில் சந்தனம். அவரே போட்டு முடிக்கும்வரை நின்று பார்த்தாள்.

அவர் பழத்தின் மேல் வண்டியை உருட்டி நசுக்கி, பெடலை மிதித்தார். இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு கிளம்பியது. நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தும், லைட்டைப் போட்டுப் பார்த்தார். எரிந்தது. அணைத்துவிட்டுக் கம்பெனிக்குப் போனார்.